ரேடியோக்காரரின் ஓய்வு நாள்

அந்தமான் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சிறைக்கூடமே நினைவுக்கு வரும். அதை முதல் நாளே தரிசித்துவிட்டோம். அதைப் பற்றி எழுதியவர்கள் பலர் உண்டு. ஆனால் அரையாண்டு விடுமுறையில் நாங்கள் கப்பலேறியதற்குக் காரணம் வேறு.

எங்கள் பள்ளியில் பௌதிகம் போதிக்கும் நண்பர் ஒருவருக்கு 'ஹாம்' ரேடியோ என்னும் பித்து உண்டு. பரீட்சை எழுதி, சர்க்கார் உரிமம் பெற்று, சொந்தச் செலவில் கருவி அமைத்து, முகமறியாத மனிதருடன் ஆகாச மார்க்கமாக உரையாடும் கலை அது. இதில் காசு வாங்கக் கூடாதென்பது விதி. இந்தக் கூட்டத்தாரிடையே, தீவு எவ்வளவு தொலைவோ அவ்வளவு அதற்கு மதிப்பு. அந்தமானுக்குரிய 'வி.யு.4' என்ற அழைப்புக் குறி காதில் விழுந்தால், ஜப்பானிலும் பின்லாந்திலும் தூக்கத்தை விட்டு எழுந்து வருவார்களாம்!

2024 வரை போர்ட் பிளேர் என்றும் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கும் நகரில், தனி அனுமதியுடன், விடுதி மாடியிலிருந்து தென்னைமரத்துக்கு ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டினார் நண்பர். ஐந்து இரவுகள் உறக்கமில்லை. ஒருவருக்குப் பத்து விநாடி: குறி, "நன்றாகக் கேட்கிறது", "வணக்கம்", உடனே அடுத்தவர். நோட்டுப் புத்தகத்தில் எண்ணிக்கை ஏற ஏற அவர் முகம் மலர்ந்தது. சம்பாஷணை என்று இதைச் சொல்லலாமா என்று எங்களுக்குச் சந்தேகந்தான். ஆறாம் நாள் வற்புறுத்தி, ஓய்வெடுக்கச் செய்து, சிடியா டாப்புக்கு அழைத்துச் சென்றோம். தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். காரின் கதவில் அவர் விரல் மட்டும் மோர்ஸ் தட்டிக்கொண்டே வந்தது.

வழியில் சிப்பிகாட். ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. இன்று கடல்நீர் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆறரை மணிக்குச் சற்று முன் சுமத்திராவுக்கருகே நேர்ந்த பூகம்பத்தில், இங்கே நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. அலை வந்தது, ஆனால் வந்த நீர் வடிய இடமில்லை.

அந்தச் சமயத்தில் போர்ட் பிளேரில், எங்கள் நண்பரைப் போலவே வந்திருந்தார் பாரதி பிரசாத் அம்மையார். பல ஆண்டுகள் மௌனமாயிருந்த வி.யு.4-ஐ ஒலிக்கச் செய்ய வந்தவர். பூகம்பத்துக்குப் பின் கருவியை மறுபடி இயக்கி, தீவுகளுக்கும் பிரதான நிலத்துக்கும் இடையே சேதிகளைக் கடத்தினார். சகா ஒருவர் கார் நிகோபாருக்கே சென்றார். நண்பர் இதைச் சொல்லும்போது விரல் நின்றிருந்தது.

சிடியா டாப்புவில் டீக்கடைக்காரர் ராமநாதபுரத்துக்காரர். நண்பரின் தொழிலை நாங்கள் சொல்லிவிட்டோம், சொல்லியிருக்க வேண்டாம்.

"என் தம்பி அப்போ கார் நிகோபார்லங்க. நாலு நாள் தகவலே இல்லை. அப்புறம் யாரோ ஒருத்தர் ஊர்ல எங்கப்பாவுக்குப் போன் பண்ணி, 'உங்க மகன் உயிரோட இருக்கான், ரேடியோவுல சேதி வந்துச்சு'ன்னாராம். பக்கத்துத் தீவுல இருந்த தம்பி சேதி, ராமநாதபுரம் போய்த்தான் எனக்குத் திரும்பி வந்துச்சு. பேசினவர் பேர்கூடத் தெரியாதுங்க."

டீக்குக் காசு வாங்க மறுத்தார். "ஐயா, அன்று நான் உரிமமே பெறவில்லை" என்று நண்பர் எவ்வளவோ சொன்னார்.

"இருக்கட்டுங்க. எல்லாம் ஒரே கூட்டந்தானே."

இங்கே மார்கழியில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலில் இறங்கிவிடுகிறான். பலர் புகழ்ந்த அஸ்தமனம் அது. நண்பர் அதைப் பார்த்ததாக எங்களுக்கு நினைவில்லை.

விடுதிக்கு வந்ததும் அவர் கருவியின் முன் அமர்ந்தார். "ஓய்வு நாளாயிற்றே!" என்றோம்.

"பேசப்போவதில்லை" என்று மின்சார இணைப்பைப் பிடுங்கி, பெட்டியின் அடியிலிருந்து பாட்டரியை எடுத்து மாட்டினார். சென்னையிலிருந்து சுமந்து வந்த பாட்டரி. ஐந்து நாளும் தொடாதது. விளக்கு எரியவில்லை. கம்பிகளைத் துடைத்து மீண்டும் மாட்டினார். எரியவில்லை.

இரவு எட்டு மணிக்கு, பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றித் தரும் கடையைத் தேடி, அதைத் தோளில் சுமந்துகொண்டு அவரும், டார்ச்சுடன் நாங்களும் அபர்தீன் பஜாரை நோக்கி நடந்தோம்.