இடுக்கில் திரும்பும் உடம்பு

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஏழாவதான குபேர லிங்கத்தைத் தாண்டும்போது வலி பாதத்திலிருந்து ஏறி இடுப்புக்கு வந்திருக்கும். ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் தரையை விடுகிறது. அந்தக் கணத்தில் உடம்பின் பாரம் மொத்தமும் மற்ற இடுப்பு மூட்டில்தான். ஊன்றிய பக்கத்துப் புட்டத் தசை இழுத்துப் பிடிக்காவிட்டால் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்கிவிடும். ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895இல் விளக்கிய அடையாளம் இது. பௌர்ணமியன்று பின்னிரவில் ஓரமாக நின்று பார்த்தால், வயதானவர்கள் சிலரின் நடையில் நம் கண்ணுக்கே தெரியும்.

அந்தக் களைப்போடுதான் பாதையோரம் இருக்கும் குறுகலான இடுக்குப் பிள்ளையார் கோயிலுக்கு வருகிறோம். பின்வாசலில் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து முன்பக்கம் வெளியே வர வேண்டும். இந்தக் கோயிலை இடைக்காட்டுச் சித்தரோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். பிள்ளை வரம் கிடைக்கும், முதுகுவலி போகும் என்பார்கள். தலை நுழைந்துவிடும். ஒரு கையை முன்னே நீட்டினால் தோளும் ஒடுங்கும். இடுப்பில்தான் மாட்டும். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், பருமனான பெண்கள் என்றால் கொஞ்சம் கூடுதலாக. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை.

தோள் ஒடுங்கி இடுப்பு ஒடுங்காததற்குக் காரணம் எலும்பின் அமைப்பு. தோள்பட்டை எலும்பு காறையெலும்பு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது; அசையும், குறுகும். இடுப்பெலும்போ மூடிய வளையம். இரண்டு எலும்புகள் முன்னால் ஒன்றோடொன்று சேர, பின்னால் ஐந்து முள்ளெலும்புகள் கூடி ஒன்றான திரிகம் ஆப்பாக இறங்கியிருக்கிறது. டாக்டர்கள் பெல்விஸ் என்பது இந்த மொத்தத்தையும்தான். பைக் விபத்தில் இது நொறுங்கினால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் உள்ளேயே உயிர் போகுமளவு ரத்தம் கொட்டலாம். அதனால்தான் இடுப்பைச் சுற்றி, தொடையெலும்பின் மேல்முட்டு மட்டத்தில், போர்வையாலாவது இறுக்கிக் கட்டி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.

குறுகாத வளையத்தைக் கடக்க ஒரே வழி திரும்புவது. பிறக்கும் குழந்தை செய்வதும் அதுதான். இடுப்பு வளையத்தின் மேல்வாய் குறுக்குவாட்டில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர், முன்பின்னாக 11. அதனால் தலை பெரும்பாலும் பக்கவாட்டில் பார்த்தபடி உள்ளே இறங்கும். கீழ்வாயில் கணக்கு மாறி முன்பின் நீளம்தான் அதிகம். நடுவழியில் குழந்தை தாயின் முதுகைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறது. நடுவில் இருபுறமும் முள்போல் நீட்டியிருக்கும் எலும்புகளுக்கிடையே சுமார் பத்தரை சென்டிமீட்டர். தலையின் அகலம் ஒன்பதரை. மீதி எவ்வளவு என்று பாருங்கள்.

வெளியே தெரியும் அகலத்தில் தசையும் கொழுப்பும் கலந்திருக்கிறது. கல் இடுக்கில் மாட்டுகிறவளுக்கு உள்வழி தாராளமாக இருக்கலாம். வழுக்கிக்கொண்டு வருகிறவளுக்குக் குறுகலாகவும் இருக்கலாம். ‘இடுப்பு அகலம், சுகப்பிரசவம்தான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் தைரியத்தை நான் நம்புவதில்லை.

பிரசவம் சிக்கலானால் என்னாகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். பக்கத்துத் திண்டிவனத்தில் 1890களில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அவர் மருத்துவர் அல்ல. மருத்துவரான அவர் தந்தையை, ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். இன்றைய சிஎம்சி மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது.

இன்றும் எந்த நல்ல டாக்டரும் எலும்பை மட்டும் அளந்து வாக்குக் கொடுப்பதில்லை. வலி எடுத்தபின் கருப்பை வாய் எவ்வளவு திறந்தது, தலை எதுவரை இறங்கியது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே வருகிறார்கள். அந்தக் கோடு நின்றுபோனால் சும்மா காத்திருப்பதில்லை; தேவைப்பட்டால் சிசேரியன்தான்.