ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடம்

ஜவ்வாது என்றதும் நம் வீடுகளில் சிறு சிமிழில் அடைத்து வைத்திருக்கும் வாசனைப் பொடிதான் ஞாபகத்துக்கு வரும். போளூரில் மலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற மலைவாசிப் பெரியவர் ஒருவரிடம், "உங்கள் மலையில் ஜவ்வாது கிடைக்குமா?" என்று கேட்டு வைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் கீழே கடைத்தெருவிலே கிடைக்குமுங்க. எங்க மலையிலே சாமைதான் கிடைக்கும்" என்றார். பிரயாணம் தொடங்கும் முன்பே முதல் பாடம் கிடைத்துவிட்டது. போகுமிடத்தைப் பற்றி நாம் ஒன்று நினைத்துக்கொண்டு போகிறோம். அங்கே இருப்பது வேறொன்று.

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் சாதாரணமாக பீமன் அருவியில் நீராடுவார்கள். தேனும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் போனது ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்ப்பதற்காக. "பள்ளிக்கூடம் பார்க்க மலை ஏற வேண்டுமா?" என்று நேயர்கள் நகைக்கலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இந்தக் கட்டுரை.

மலைப் பாதை

போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறக்குறைய 25 மைல் தூரம். முதலில் நெல் வயல்கள் வருகின்றன, பிறகு கரும்பு, பிறகு புளிய மரங்கள். அப்புறம் பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் கீழே விட்டு வந்த ஊர்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. நான் சென்றது ஆவணி மாதம். மேலே ஏறியதும் சரிவு முழுவதும் சாமைப் பயிர் பசேலென்று காற்றில் சாய்ந்து நிமிர்ந்து கொண்டிருந்தது.

1989 வரை வட ஆற்காடு ஜில்லாவாக இருந்த நிலப்பரப்பைச் சேர்ந்தது இந்த மலை. இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்கள் அதைப் பங்கு போட்டுக் கொண்டிருக்கின்றன. மேலே வசிக்கும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்கிறவர்கள், ஆகையால் மலையாளிகள். அவர்களுடைய தாய்மொழி தமிழ்தான். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை.

ஊர்கள் என்றால் நம் பக்கத்து ஊர்களைப் போல் தெருத் தெருவாக இருப்பதில்லை. இங்கே பத்து வீடு, அந்தச் சரிவில் இருபது வீடு. நடுவில் ஓர் ஓடை, ஒரு பள்ளம், ஒரு காடு. சிறு குழந்தைகள் நடந்து போகக்கூடிய ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது கட்டாயக் கல்விச் சட்டத்தின் நோக்கம். 2009-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் 1-4-2010 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் சமவெளியில் ஒரு கிலோமீட்டர் என்பது கால் மணி நேர நடை. மலையில் அதே ஒரு கிலோமீட்டர், மழைக்காலத்தில் ஓடை பெருகினால், ஒரு நாள் முழுவதும் கடக்க முடியாத தூரம். இதற்கு மாற்றாகவே பழங்குடியினர் நலத்துறை உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. இந்த மலையில் வனத்துறையும் பள்ளிகள் நடத்துகிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

முதலில் சோறு

நான் கண்டது அத்தகைய உறைவிடப் பள்ளிகளில் ஒன்று. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று தலைமை ஆசிரியர் கேட்டுக் கொண்டார். "எங்கள் பள்ளியைப் பற்றி எழுதாதீர்கள், எங்கள் குழந்தைகளைப் பற்றி எழுதுங்கள்" என்பது அவருடைய வேண்டுகோள்.

காலை எட்டு மணி. குழந்தைகள் குளித்து, தலை வாரி, தட்டுடன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் தொடங்கவில்லையே என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "தொடங்கிவிட்டது, ஐயா. இதுதான் முதல் பாடம்" என்றார் தலைமை ஆசிரியர். வயிறு காய்ந்த குழந்தைக்கு எழுத்து கண்ணில் நிற்பதில்லை. இந்த எளிய உண்மையை நம் நாடு மெள்ள மெள்ளத்தான் கற்றுக் கொண்டது. 1920-இல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956-இல் காமராஜர் அதை மாகாணம் முழுவதற்கும் கொண்டு சென்றார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். காலைச் சிற்றுண்டி 2022-இல் மதுரையில் தொடங்கி, 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. ஒரு வேளைச் சோற்றிலிருந்து இரண்டாம் வேளைச் சோற்றுக்கு வருவதற்கு நமக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

அரும்பு, மொட்டு, மலர்

சாப்பாடு முடிந்து தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியானதும் வகுப்புக்குள் போனேன். நம் காலத்துப் பள்ளிக்கூடத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அங்கே திகைப்புத்தான் உண்டாகும். வரிசைப் பெஞ்சு இல்லை, பிரம்பு இல்லை. குழந்தைகள் தரையில் மூன்று வட்டங்களாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வட்டத்தில் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கூட்டல். இன்னொன்றில் எழுத்து அட்டைகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்குதல். மூன்றாவதில் ஒரு பெண் கையில் துணிப் பொம்மையை மாட்டிக்கொண்டு நரியாகப் பேசிக் கொண்டிருந்தாள். ஆசிரியை மூன்று வட்டங்களுக்கும் மாறி மாறிப் போய் உட்கார்ந்து கொண்டிருந்தார்.

2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தின் முறை இது. எட்டு வயதுக் குழந்தை ஒவ்வொன்றும் பிழையின்றிப் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர். 'மக்கு' என்ற பழைய சொல்லுக்கு இந்த மூன்றிலும் இடமில்லை.

இதற்கு முன்னோடியும் உண்டு. மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவாலியில், ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக ஓர் 'ஏணி' வகுத்தார்கள். பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறும்படி செய்தார்கள். அதைப் பார்த்து 2003-இல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிற்று. 2007-08-இல் அது தமிழ்நாடு முழுவதும் பரவியது. அதற்கும் முன்னால், 1937 அக்டோபரில் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய கல்வி மகாநாட்டில், கையால் ஒன்றைச் செய்து அதன் வழியாகவே மற்றவற்றைக் கற்க வேண்டும், அதுவும் தாய்மொழியில் கற்க வேண்டும் என்று பேசப்பட்டது. டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் ஒரு கமிட்டி அந்தத் திட்டத்தை எழுதிக் கொடுத்தது. ஏட்டில் வெகுநாள் உறங்கிய அந்த எண்ணத்தின் சாயலை இந்தப் புளியங்கொட்டை வட்டத்தில் கண்டேன்.

'மொட்டு' வட்டத்தில் மற்றவர்களைவிடச் சற்று உயரமாக ஒரு பையன் இருந்தான். மார்கழியில் சாமை அறுவடை முடிந்ததும் அவனுடைய பெற்றோர் கர்நாடகத்துக் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்களாம். வீட்டில் விட்டுப்போக ஆளில்லை. அவனையும் அழைத்துக்கொண்டு போய், பங்குனியில்தான் திரும்பினார்கள். நான் படித்த காலமாயிருந்தால் அவன் கதை அத்துடன் முடிந்திருக்கும். மூன்று மாதத்துப் பாடம் போனால் ஒரு வருஷம் போயிற்று. ஒரு வருஷம் போனால் பள்ளிக்கூடமே போயிற்று. இங்கே அவன் விட்ட படியிலேயே மறுபடி காலை வைத்தான். "இவன் வயது மலருக்கு உரியது. ஆனால் மொட்டில்தான் இருக்கிறான். தை மாதத்துக்குள் மலருக்குப் போய்விடுவான், அப்பா இந்தத் தடவை இவனை விட்டுவிட்டுப் போனால்" என்றார் ஆசிரியை. கடைசிச் சொற்களைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நகரத்தில் இந்த முறை நல்லதா கெட்டதா என்று படித்தவர்கள் விவாதம் செய்கிறார்கள். மலையில் அந்த விவாதத்துக்கு இடமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. பருவத்துக்குப் பருவம் இடம் பெயரும் ஜனங்களின் குழந்தைக்கு, அது திரும்பி வரும் வரையில் காத்திருக்கும் பாடம் ஒன்றே பாடம்.

சாமைக் கணக்கு

பாடத்திட்டம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். முதல் இரண்டு வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல்; மூன்றாவது முதல் சூழ்நிலையியலுக்குப் பதில் அறிவியலும் சமூக அறிவியலும். புத்தகத்தில் ரயிலும் கடற்கரையும் வருகின்றன. அவற்றைக் காணாத குழந்தைக்கு அவை கதையாகத்தான் இருக்கும். அந்தக் குழந்தை கண்டிருப்பதோ புத்தகத்தில் இல்லை.

நான்காம் வகுப்பில் பின்னம் நடந்து கொண்டிருந்தது. ஆசிரியர் வட்டம் வரைந்து நான்காகப் பிரித்தார். குழந்தைகள் பேசாமல் பார்த்தார்கள். அவர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு மூட்டை சாமையைக் குத்தினால் ஒரு மூட்டை அரிசி கிடைக்குமா?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது.

"உமி போயிடும், சார்!"

"போனால் எவ்வளவு தேறும்?"

"முக்கால் மூட்டைகூடத் தேறாது, சார்!"

"முக்கால் என்றால் என்ன?"

அரை நிமிஷம் மௌனம். பிறகு ஒரு சிறுமி எழுந்து போய், பலகையில் இருந்த வட்டத்தில் மூன்று பங்கைத் தடவிக் காட்டினாள். அவளுடைய பாட்டி உரலில் குத்திய கணக்கும் சர்க்கார் அச்சிட்ட கணக்கும் அந்தக் கணத்தில் ஒன்றாயின.

பிற்பகலில் பள்ளித் தோட்டத்தில் குழந்தைகள் எனக்குப் பாடம் எடுத்தார்கள். கடுக்காய் மரம் எது, எந்த மரத்தில் தேனடை கட்டும், எந்த இலையை ஆடு தொடாது என்று சொல்லிக் கொண்டே வந்தார்கள். ஐந்தில் மூன்று கேள்விகளுக்கு நான் தவறான விடை சொன்னேன். என்னை அவர்கள் 'அரும்பு' வட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கைநாட்டின் விலை

மாலையில் தலைமை ஆசிரியருடன் ஏரிக்கரை வரை நடந்தேன். "இவ்வளவு பாடுபட்டு எழுத்தைக் கற்றுக் கொடுப்பது எதற்காக என்று கேட்பவர்கள் இங்கும் உண்டு, ஐயா. காடு இருக்கிறது, சாமை இருக்கிறது, போதாதா என்பார்கள். போதவில்லையே! ஆகையால்தானே வெளியே போகிறார்கள். போகும்போது முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு காகிதத்தில் கட்டை விரலை வைக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது" என்றார்.

இந்த மலை அதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி, திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டதில் 20 பேர் மாண்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீஸார் கூறினர். இறந்தவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் யாருக்காக, எந்தப் பேச்சை நம்பிப் போனார்கள் என்பது அவர்களோடு போய்விட்டது. படிப்பு மட்டும் வறுமையை ஒழித்துவிடாது என்பதை நான் அறிவேன். ஆனால் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவன், கை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பான்.

இதற்கு மறு பக்கமும் உண்டு. மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற மலையாளிப் பெண்மணி, 23-ஆம் வயதில், 2024-இல் சிவில் நீதிபதி பதவிக்குத் தேர்ச்சி பெற்றார். பிள்ளை பெற்ற சில நாளிலேயே சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதியவர். கைநாட்டு வைத்துப் பழகிய ஜனங்களிடையே தீர்ப்பில் கையெழுத்திடும் ஒருவர் தோன்றிவிட்டார். பொம்மையை மாட்டிக்கொண்டு நரியாகப் பேசிய பெண்ணிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "தெரியும். டீச்சர் சொன்னாங்க" என்றாள். ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தியைப் போல் சொன்னாள்.

காவலூர்

மறுநாள் ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்கினேன். வழியில் காவலூர். மரங்களுக்கு மேலே வான ஆராய்ச்சி நிலையத்தின் வெண்மையான கூண்டு தெரிந்தது. வைணு பாப்பு என்ற வானநூல் மேதை, இருள் அடர்ந்த இந்த மலையின் இரவை நாடி 1960-களின் இறுதியில் நிறுவியது அது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988-இல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறு கோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள்.

கும்பகோணத்தில் பலகையும் பலப்பமும் வைத்துக் கணக்குப் போட்ட ஒரு பிள்ளையின் பெயர் இந்த மலையிலிருந்து வானத்துக்கு ஏறியிருக்கிறது. அதே மலையில் ஒரு பையன் மொட்டிலிருந்து மலருக்கு ஏறக் காத்திருக்கிறான். வருகிற மார்கழியில் அவன் தகப்பனார் அவனை விட்டுவிட்டுப் போவாரா, அழைத்துக்கொண்டு போவாரா என்பது எனக்குத் தெரியாது.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜவ்வாது மலைக்குப் போனால் அருவியைப் பாருங்கள். தேனும் சாமை அரிசியும் பேரம் பேசாமல் வாங்குங்கள். கையில் நாலு தமிழ்க் கதைப் புத்தகங்கள் கொண்டு போய், வழியில் தென்படும் முதல் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். பதிலுக்குக் குழந்தைகள் ஏதாவது கேள்வி கேட்டால், கூடிய வரையில் சரியான விடை சொல்லப் பாருங்கள். இல்லாவிட்டால் அரும்பு வட்டத்தில் என் பக்கத்தில் உங்களுக்கும் ஓர் இடம் காத்திருக்கும்.