டார்க் சோல்ஸ்: ஒரு வெட்டு குறைத்து வெட்டினால் பிழைக்கலாம்!

2011-ல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் வெளியிட்ட டார்க் சோல்ஸை முதன்முதலாக ஆடும் பலர் செய்யும் தவறு ஒன்றுதான்... பட்டனை விடாமல் அழுத்தி வாளை வீசிக்கொண்டே இருப்பது!

திரையின் மேல் இடது மூலையில், உயிரைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு இருக்கும். அதுதான் ஸ்டாமினா. வெட்டினாலும், உருண்டாலும், கேடயத்தில் அடி வாங்கினாலும் அது குறையும். தீர்ந்துபோன நேரத்தில் எதிரி ஓங்கினால் உருண்டு தப்ப முடியாது. மூன்று வெட்டுக்குத் தெம்பிருந்தால் இரண்டோடு நிறுத்தி, மிச்சத்தைத் தப்பிக்க வைத்துக்கொள்ள வேண்டும்.

கேடயத்தைத் தூக்கியே வைத்திருந்தால் பச்சைக் கோடு மெதுவாகத்தான் ஏறும். இடையிடையே இறக்குவது நல்லது. உடல்சுமை வரம்பில் 25 சதவீதத்துக்குள் இருந்தால் வேகமாக உருளலாம். 50-ஐத் தாண்டினால் மூட்டை விழுந்த மாதிரிதான்!

செத்தால், சேர்த்த சோல்ஸ் எல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அத்தனையும் போச்சு! ஆத்திரத்தில் ஓடுபவர்கள்தான் இப்படி இழக்கிறார்கள். மறுபடி உயிர்பெறும் பான்ஃபயரிலேயே எஸ்டஸ் குடுவை நிரம்பிவிடும். எதிரிகளும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்பார்கள். அப்புறம் அவசரம் எதற்கு?