உழவர் மகளிரும் உறைபனிக் கல்லும்

உழவுத்தொழில் செய்வோர்க்கு விளையாட்டென்பது விளைச்சலின் பின் வருவது. கண்டாவளையில் வாழும் நாம் இதனை நன்கறிவோம். காலபோக நெல் அறுவடையாகி வீடு வந்து சேர்ந்த பின்னரே நமது மைதானங்களில் ஆரவாரம் எழுகின்றது. ஆயின் அவ்வாரவாரம் பெரும்பாலும் ஆடவருடையதாகவே இருக்கின்றது. வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பதே மகளிரின் பங்கு.

கனடாவில் வாழும் எமது பெறாமகள் ஒருநாள் தொலைபேசியில், "சித்தப்பா, இஞ்சை பொம்பிளையள் பனியிலை கல்லைத் தள்ளிவிட்டு, அதுக்கு முன்னாலை கூட்டிக்கொண்டு ஓடினம்!" என்று கூறி நகைத்தாள். கொக்கான் கல்லை அறிவோம், விளக்குமாற்றையும் அறிவோம். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு விளையாட்டாகுமோ என வியந்த நாம், அதன் விவரங்களைத் தேடிப் படிக்கலானோம்.

'கேர்லிங்' என்பது அதன் பெயர். அணிக்கு நால்வர். நீர்த்துளிகளைத் தூவி உறையவைத்த, ஏறத்தாழ 45 மீற்றர் நீளமான பனித்தளத்தின் மறுமுனையில் ஒரு வட்டம் வரையப்பட்டிருக்கும். கைபிடி பொருத்திய, ஏறத்தாழ 20 கிலோ நிறையுள்ள கருங்கல்லை அவ்வட்டத்தின் நடுவை நோக்கி ஒருத்தி வழுக்கி விடுவாள். இருவர் கல்லின் முன்னே பனியைத் தூரிகைகளாற் தேய்த்தவாறு விரைவர். நான்காமவள் மறுமுனையில் நின்று வழிகாட்டுவாள். தேய்ப்பினால் பனியின் மேற்பரப்பு சற்றே வெப்பமுற்று உராய்வு குறைய, கல் மேலும் சிறிது தூரம், அதிகம் வளையாது செல்லும். கரம் ஆட்டத்திற்போல எதிரணியின் கல்லை மோதி அகற்றுவதும் உண்டு. இரு அணியாரும் ஆளுக்கு இரண்டாக 16 கற்களையும் விட்டு முடித்ததும், எவரது கல் நடுவுக்கு மிக அண்மையிற் கிடக்கின்றதோ அவருக்கே புள்ளி. கையின் வலிமையிலும் கண்ணின் கணிப்பும் நால்வரின் ஒற்றுமையுமே இங்கு வேண்டப்படுவன.

ஸ்கொட்லாந்தில் தோன்றிய இவ்விளையாட்டு, அங்கிருந்து குடியேறியோருடன் கனடா சென்றது. கோதுமை வயல்கள் பனியில் மூடுண்டு உழவர் கைகள் ஓய்ந்திருக்கும் மாதங்களில், சஸ்கச்சுவான் போன்ற சமவெளி மாகாணங்களின் சிற்றூர்களில் அது வேரூன்றியது. நமக்கு அறுவடைக்குப் பின் மைதானம் எப்படியோ, அவர்க்குப் பனித்தளம் அப்படி.

அங்கும் மகளிர் காத்திருக்கவே நேர்ந்தது. ஆடவர்க்கான தேசியப் போட்டி 1927இல் தொடங்கிற்று. பத்து மாகாணங்களின் மகளிரும் கூடிய தேசியப் போட்டியோ 1961இல்தான் ஒட்டாவா நகரில் நடைபெற்றது. இடையே கழிந்தவை 34 ஆண்டுகள். அம்முதற் போட்டியில் வாகை சூடியது ஜொய்ஸ் மக்கீ தலைமையிலான சஸ்கச்சுவான் அணி. பின்னர் 1969 முதல் 1974 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அம்மாகாண அணிகளே வென்றன. வாய்ப்பு வந்ததும் வெளிப்பட்ட அத்திறமை, அதற்கு முந்திய ஆண்டுகளில் இல்லாமலா இருந்திருக்கும்?

அம்மாகாணத்தின் பிகர் என்னும் சிற்றூரிற் பிறந்தவர் சன்ட்ரா ஷ்மேர்லர். 1993, 1994, 1997ஆம் ஆண்டுகளில் தேசியப் போட்டியையும் உலகப் போட்டியையும் அவரது அணி வென்றது. 1997 செப்டெம்பரில் அவர் தாயானார். இரண்டே மாதங்களில் ஒலிம்பிக்குக்கான தெரிவுப் போட்டியில் இறங்கி வென்றார். 1998இல் நகானோவில், ஒலிம்பிக் மகளிர் கேர்லிங்கின் முதலாவது தங்கப் பதக்கம் அவரது அணிக்கே கிடைத்தது. 2000ஆம் ஆண்டில், 36 வயதிலேயே, புற்றுநோய் அவரைக் கொண்டு சென்றமை பெருந்துயரம். எனினும் தாய்மையும் விளையாட்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை அவர் வாழ்ந்து காட்டிவிட்டார்.

நம்மவரிடையே அத்தகையோர் இல்லை எனல் ஆகாது. புன்னாலைக்கட்டுவனிலிருந்து புறப்பட்ட தர்ஜினி சிவலிங்கம், 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர். அவரை நாம் கொண்டாடுகின்றோம். ஆயின் நம் தெருவில் வாழும் பெண்பிள்ளையை என் செய்கின்றோம்? பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் முதலாவதாக ஓடிவந்தவள், உயர்தரப் பரீட்சை முடிந்ததும் மைதானத்திலிருந்து மறைந்துபோகின்றாள். வினவினால், "இனி அவளுக்கென்ன விளையாட்டு?" என்கின்றனர் பெற்றோர். திருமணமாகிவிட்டாலோ அவ்வினாவும் எழுவதில்லை.

பிரதேசம், மாவட்டம், மாகாணம், தேசியம் என ஏறிச்செல்லும் போட்டிப் படிகள் நம் நாட்டிலும் உள. ஆனால் அவற்றுள் முதற்படிக்கும் முன்னே வீட்டு வாயிற்படி என்றொன்று இருக்கின்றது. அதனைத் தாண்ட விடுவது அரசின் கையில் இல்லை. தந்தையர், தமையன்மார், கணவன்மார் கையிலேயே இருக்கின்றது.

காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையே கிடைக்கும் வாரங்களில், கிழமைக்கு ஒரு மாலையேனும் ஊர் மைதானத்தை மகளிர்க்கென ஒதுக்குவோம். அன்று அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆடவர் முன்வரட்டும். பனித்தளமும் கருங்கல்லும் நமக்கு வேண்டா. ஒரு பந்தும், நாலு கம்பும், "போய் விளையாடிவிட்டு வா, பிள்ளை" என்னும் ஒரு சொல்லுமே போதும்.