வடகரையில் கொஞ்சம் மணல்

சிங்கப்பூர் ஒரு தீவு. ஆனாலும் லிட்டில் இந்தியாவில் எத்தனை நாள் தங்கினாலும் கடல் கண்ணில் படாது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் மணி கேட்கும், கோமளவிலாஸ் வாசலில் நெய் மணக்கும், தேக்கா சந்தையில் வஞ்சிரமும் நண்டும் பனிக்கட்டிமேல் குவிந்து கிடக்கும். கடல் மட்டும் தெரியாது. தெற்கே நடந்தால் பீச் ரோடு வரும். ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887இல் திறந்தபோது அதுதான் தீவின் கரை. ஹோட்டல் வாசலுக்கு எதிரே அலையடித்தது. இப்போது அங்கே கடைத்தொகுதிகள், அவற்றுக்கு அப்பால் நெடுஞ்சாலை, அதற்கும் அப்பால் 2008இல் அணை கட்டி நன்னீராக்கிய மரினா நீர்த்தேக்கம்.

கிழக்கே போனால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. அழகான இடம். ஆனால் அந்த மணல் 1966இல் தொடங்கிய கடல் நிரப்புத் திட்டம் தந்தது. பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கடலில் கொட்டி 1,525 ஹெக்டேர் புதுநிலம் எடுத்தார்கள். விடுதலை பெற்றபோது சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. மக்களுக்கு வீடு வேண்டும், விமான நிலையம் வேண்டும், துறைமுகம் வேண்டும். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தீவு தானாக வைத்திருந்த கரை எங்கேயாவது மிச்சம் இருக்குமா என்று அறியும் ஆசை எனக்கு இருந்தது.

ரேஸ் கோர்ஸ் சாலையில் என்னைத் தங்கவைத்திருந்த நண்பர்தான் வழி சொன்னார். "செம்பவாங் போங்கண்ணே. எங்கப்பா வேலை பார்த்த இடம். சின்னக் கடற்கரைதான், ஆனா நல்லாருக்கும்."

லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதை ரயில் ஏறி, அடுத்த நிறுத்தமான நியூட்டனில் இறங்கி, வடக்கு தெற்குப் பாதைக்கு மாற வேண்டும். பிராடல் தாண்டியதும் ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வருகிறது. அங்கிருந்து வரிசை வரிசையாக வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள், நடுவில் மழைமரங்கள். ஈசூன், கேன்பரா, அடுத்தது செம்பவாங். பேருந்து முனையத்தில் 882ஆம் எண் பேருந்து ஏறினால் சாலை முடியும் இடத்தில், பூங்கா வாசலிலேயே இறக்கிவிடும்.

சென்னை மெரினாவில் நடந்து பழகிய காலுக்கு இந்தக் கடற்கரை ஒரு தெருவின் அளவுகூட இல்லை. பூங்காவின் மரநிழல் முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. பழுப்பு நிறம், பருமணல், நடுவே சிப்பித் துண்டுகள். கரை லேசாக உள்வாங்கி வளைந்திருக்கிறது. மேற்கே ஒரு படகுத்துறை, எதிரே ஜொகூர் நீரிணை, அதற்கு அப்பால் மலேசியா. அக்கரைக் கட்டடங்களின் ஜன்னல்களை எண்ணலாம் போலத் தெரிகின்றன. கிழக்கே தூரத்தில் பாசிர் கூடாங் பக்கத்துப் பாரந்தூக்கிகள். இடையில் சரக்குக் கப்பல்கள் அவசரமில்லாமல் நகர்கின்றன. அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கப்பல் ஒன்று கடந்து சில நிமிடம் கழித்து நாலைந்து மடிப்புகள் வந்து மணலைத் தொட்டுவிட்டுப் போகும். அவ்வளவுதான்.

ஆனால் ஏற்றவற்றம் இங்கே பெரிது. சிங்கப்பூரைச் சுற்றிய கடல் பெருவற்று நாள்களில் சுமார் மூன்று மீட்டர் ஏறி இறங்கும். நான் போன நேரம் நீர் வற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை அகன்றது. ஈரமணலில் சின்னஞ்சிறு நண்டுகள் வெளியே வந்து, மணலை வாயில் அள்ளிச் சலித்து, உருண்டை உருண்டையாக வைத்துவிட்டு நகர்ந்தன. வளையைச் சுற்றிச் சூரியக்கதிர் போல அந்த உருண்டைகள் பரவின. நிழல் விழுந்ததும் எல்லா நண்டும் ஒரே நொடியில் உள்ளே. அசையாமல் உட்கார்ந்தால் திரும்ப வருகின்றன. பாறைகளில் நத்தைகள், கற்களுக்கு இடையே சேற்று மீன்கள். கொட்டிய மண்ணில் இத்தனை உயிர்கள் குடியேறப் பல காலம் ஆகும். இங்கே அவை எப்போதும் இருந்தவை. சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் மிகச் சில இயற்கைக் கடற்கரைகளில் இது ஒன்று.

படகுத்துறையில் தூண்டில்காரர்கள். சீனப் பெரியவர்கள், மலாய் இளைஞர்கள், நண்டு வலையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் ஒரு குடும்பம். துறைக்கு மேலே பியூலியூ ஹவுஸ் என்ற பழைய பங்களா நிற்கிறது. 1910களில் ஒரு செல்வர் கடலோர ஓய்வுக்குக் கட்டிக்கொண்டது. 1920களில் கடற்படைத் தளத்துக்காக அரசு அதை எடுத்துக்கொண்டது. இப்போது உணவகம். குழந்தைகள் விளையாடும் இடத்தைப் போர்க்கப்பல் வடிவிலேயே அமைத்திருக்கிறார்கள். ஏன் போர்க்கப்பல் என்று அங்கே ஏறிக் குதிக்கும் குழந்தைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஏனென்றால், மேற்கே வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் பிரிட்டிஷ் கடற்படை கிழக்கில் கட்டிய மிகப் பெரிய தளம். ஜப்பான் வலுப்பெறுவதைக் கண்டு 1920களின் தொடக்கத்தில் முடிவெடுத்தார்கள். சதுப்பைத் தூர்த்தார்கள், ஆற்றைத் திருப்பினார்கள், காட்டை வெட்டினார்கள். 1928இல் மிதக்கும் கப்பல்துறை ஒன்று இங்கிலாந்திலிருந்து கடல் வழியே இழுத்துவரப்பட்டது. 1938 பிப்ரவரி 14இல் சுமார் 300 மீட்டர் நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை திறக்கப்பட்டது. இங்கே வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ஒன்றின் பெயரைத்தான் கேன்பரா சாலை தாங்கி நிற்கிறது. ரயில் நிலையத்துக்கும் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1941 டிசம்பர் 8ஆம் நாள் மாலை பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெரும் கப்பல்கள் இந்த நீரிணை வழியாகத்தான் புறப்பட்டன. 10ஆம் தேதி குவாந்தான் அருகே இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு மாதத்தில் தீவே விழுந்தது.

போர் வரலாற்று நூல்கள் இதையெல்லாம் விரிவாகச் சொல்கின்றன. அவற்றில் சில வரிகளோடு கடந்துபோகிறவர்கள், அந்தத் தளத்தைக் கட்டியவர்களும் ஓட்டியவர்களும். அவர்களில் பெரும்பகுதியினர் இந்தியர்கள்: மலையாளிகள், தமிழர்கள். வெல்டர், ஃபிட்டர், சாயம் பூசுபவர், கொதிகலன் வேலைக்காரர், எழுத்தர், காவலர், சமையல்காரர். மலையாளிகள் 1954இல் நேவல் பேஸ் கேரள நூலகம் என்று ஒன்றைத் தொடங்குமளவுக்குத் திரண்டிருந்தார்கள். தமிழர்கள் 1960களில் கேன்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் முருகனை வழிபட்டார்கள். அதுதான் இன்று ஈசூனில் கோபுரத்தோடு நிற்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். அங்கே பங்குனி உத்திரத்தன்று காவடிகள் ஆடிவருவதைப் பார்க்கிறவர்கள், அந்த விழாவின் வேர் கப்பல் பட்டறைத் தொழிலாளியின் வழிபாட்டில் இருப்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நண்பரின் தந்தை கடற்படைத் தளத்தின் கொதிகலன் பிரிவில் இருந்தவர். காலையில் சைரன் ஊதும்போது வாசலில் சைக்கிள்கள் ஆற்றுவெள்ளம் போல உள்ளே போகுமாம். "எங்க வீட்ல கடிகாரமே வேண்டாம்ணே, சைரன்தான்" என்றார் நண்பர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பா பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றி இந்த மணலுக்குக் கூட்டிவருவாராம். செலவில்லாத ஒரே பொழுதுபோக்கு இதுதான். பக்கத்தில் கம்போங் வாக் ஹசன், இன்னும் சில மலாய்க் கிராமங்கள். வாக் ஹசன் கிராமம் 1998 வாக்கில் காலி செய்யப்பட்டது; 1963இல் ஊரார் கட்டிய சின்னப் பள்ளிவாசல் மட்டும் மரங்களுக்கு நடுவே இன்னும் தொழுகையோடு இருக்கிறது. நான் அங்கே போனபோது முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவர், கேட்காமலேயே குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. அப்போது சிங்கப்பூர்ப் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைகளின் தளங்களை நம்பியிருந்தது. கப்பல் பட்டறை அதே ஆண்டு சிங்கப்பூர் அரசிடம் கைமாறி, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. நாட்டின் தொழில் வளர்ச்சிக் கதையில் அது வெற்றி. ஆனால் ஆட்குறைப்பில் வேலை இழந்த பல இந்தியத் தொழிலாளர்களுக்குக் குடியுரிமை இல்லை. கையில் ஒரு தொகையோடு கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கப்பலேறிப் போனார்கள். பாதி வாழ்நாளை இந்தத் துறையில் கழித்துவிட்டுப் போனவர்களின் பெயரை இந்தக் கரையில் நான் எங்கும் காணவில்லை. அது எனக்கு வலித்தது.

மாலை சாயும் நேரம் நாலைந்து இளைஞர்கள் மணலுக்கு வந்தார்கள். பக்கத்துக் கப்பல் பட்டறை வேலை, பக்கத்திலேயே தங்குவிடுதி. ஒருவர் புதுக்கோட்டைப் பக்கம், ஒருவர் திருவாடானை. நான் தமிழ்ப் பத்திரிகையைக் கையில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஊர்லருந்து வந்தீங்களா?" என்று கேட்டார் திருவாடானைக்காரர். பேசினோம். ஞாயிறு விடுமுறை என்றால் எல்லோரும் தேக்காவுக்குப் போய்விடுவார்களாம். பணம் அனுப்ப, சாமான் வாங்க, ஊர்க்காரர்களைப் பார்க்க. "அங்க கூட்டம்ணே. கொஞ்சம் சும்மா உக்காரணும்னா இங்கதான் வருவோம்." பிறகு கைப்பேசியில் வீடியோ அழைப்பு போட்டு, "அம்மா, கடலப் பாருங்க. நம்ம தொண்டி மாதிரியே இருக்கா?" என்று கேமராவை நீர்ப்பக்கம் திருப்பினார். நம்ம கடலில் அலை கூட இருக்குமே என்று அந்த அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. எண்பது தொண்ணூறு ஆண்டுக்கு முன்பு வந்தவர்களும் கப்பலில் வேலை செய்யத்தான் வந்தார்கள், இதே மணலில்தான் உட்கார்ந்தார்கள். லிட்டில் இந்தியா கடைத்தெருவில் மட்டும் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றைத் தேடுவது போதாது என்று எனக்கு உறுதிப்பட்டது அப்போதுதான். கடைத்தெரு அவர்கள் சம்பாதித்ததைச் செலவழித்த இடம். சம்பாதித்த இடம் இங்கே இருக்கிறது.

இந்தக் கரையும் மாறப்போகிறது. கப்பல் பட்டறை இடம் காலியாகி, அங்கே நீரோரக் குடியிருப்புகளும் பொழுதுபோக்கு இடங்களும் அமைக்கும் திட்டம் இருக்கிறது. உலர்துறையைப் பாதுகாத்து வைத்தால் நல்லது. அதன் அருகே, அந்தத் துறைக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் யார் என்பதையும், அவர்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தார்கள் என்பதையும், தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க வேண்டும். அந்தச் சின்ன மணல்பரப்பை எந்தக் கட்டுமானமும் தொடாமல் விட வேண்டும். இரண்டும் நடக்கக்கூடியவை.

சிங்கப்பூருக்கு வரும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. முஸ்தஃபா கடைக்கும் மெர்லயன் சிலைக்கும் போன பிறகு ஒரு மாலையை வடகரைக்கு ஒதுக்குங்கள். ஏற்றவற்ற நேரத்தை முன்கூட்டியே பார்த்து, நீர் வற்றும்போது போங்கள். நண்டுகளைப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். கப்பல்கள் ஓடும் நீரிணை இது. குழந்தைகளை நீருக்குள் இறக்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது நேவல் பேஸில் வேலை செய்திருந்தால், அவருடைய பழைய அடையாள அட்டையோ, புகைப்படமோ, கடிதமோ பெட்டிக்குள் கிடந்தால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்து வருகிறது. அவர்களுக்கு எழுதுங்கள். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.