'பாழ்' என்றொரு சொல்

லண்டனில் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்த காலத்தில் எனக்குத் துணை ஒரு சின்ன ரேடியோதான். வியாழன் இரவுகளில் பிபிசி ரேடியோ 4 இல் 'இன் அவர் டைம்' போகும். மெல்வின் பிராக் 1998 இலிருந்து 2025 வரை நடத்திய நிகழ்ச்சி. மூன்று பேராசிரியர்களை இருத்திவைத்துக் கேள்வி கேட்பார். ஒரு கிழமை அசோகர், இன்னொரு கிழமை வேறேதோ. எனக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும். ஆனால் ஒன்று நல்லாய் விளங்கியது. படித்த மனிசர் ஒருவரையொருவர் மறுத்துக் கதைக்கலாம், "அது தெரியாது" என்றும் சொல்லலாம். எங்கள் சரித்திர வாத்தியார் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

2014 இல் 'டூம்ஸ்டே' பதிவேடு பற்றிக் கதைத்தார்கள். அதைக் கேட்டபிறகுதான் தேடி வாசித்தேன். 1066 இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னன், வடக்கில் கிளர்ச்சி வந்தபோது 1069-70 மாரியில் ஊர்களையும் தானியத்தையும் எரிப்பித்தான். 1086 இல் நாட்டின் காணிகளைக் கணக்கெடுப்பித்தான். யோர்க்ஷயரின் பல ஊர்களுக்கு நேரே இலத்தீனில் ஒரே சொல்: 'பாழ்'. எரித்ததன் அடையாளம் அது என்கிறார்கள் சில வரலாற்றாசிரியர்கள். இல்லை, அது இறைக் கணக்கு. வருமானம் இல்லாத இடத்துக்கும் விபரம் கிடைக்காத இடத்துக்கும் அப்படி எழுதியிருக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். 900 வருசம் கழிந்தும் வழக்கு முடியவில்லை.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டனாங்கள். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். காணி விட்டபிறகு அக்கா போய்ப் பார்த்தாள். வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடக்கிறது, வளவு முழுக்கப் பற்றை. ஏதோவொரு கந்தோர்க் கோவையில் எங்கள் வளவுக்கு நேரே 'பற்றைக்காடு' என்று எழுதியிருந்தால், பின்னால் வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? அங்கே ஆட்கள் இருந்ததையே சந்தேகிக்க மாட்டானா?

போன மாதம் ஒரு கொப்பி வாங்கினேன். அம்மாவுக்குப் போன் எடுத்து, கோயிலடி ஒழுங்கை முகப்பிலிருந்து வீடு வீடாய்க் கேட்டேன். யார் இருந்தது, என்ன தொழில், எத்தனை பிள்ளைகள். 31 வீடு சொன்னா. பொதுக்கிணறு யாருடைய காணிக்குள் இருந்தது என்பதில் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் பெரிய வாக்குவாதம். இருவர் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் வயது போனவர்கள் இருந்தால் ஒரு கொப்பி வாங்குங்கோ. நாளைக்கு மூன்று பேர் இருந்து மறுத்துக் கதைக்கிறதுக்கென்றாலும் ஏதாவது மிஞ்ச வேணும்.