கீழ்ப் பஞ்சமம்

“லேடீஸ் கைக்கு இதுதான் மேடம் கரெக்டா இருக்கும்.”

சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடை. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குட்டி யுகுலேலேவை நீட்டினார் விற்பனையாளர். 21 அங்குலம், சோப்ரானோ என்று பெயர். அவர் என் விரல்களைப் பார்க்கவில்லை. நாற்பத்தெட்டு வயசு, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவிக் கழுவித் தடித்துப்போன விரல்கள்.

எட்டு வயதில் என் மடியில் வைத்த கருவி இதற்கு நேர்மாறு. திருவண்ணாமலையில், தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் வீடு. தஞ்சாவூர் வீணை நாலடி நீளம், பலா மரம். குடம் வலப்பக்கம் தரையில், சுரைக்காய் இடது தொடைமேல். யாளி முகத்துப் பக்கம் மெட்டுகள் அகல அகலமாக இருக்கும், குடத்தை நோக்கி வர வர நெருங்கும். முதல் மெட்டு எனக்கு எட்டவே எட்டாது. “கை வளரும்” என்றார் டீச்சர். வளர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாசித்துக் காட்டுகிற அளவுக்கு.

கல்யாணத்துக்குப் பிறகு வேலூர். வீணை வரவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற சாமானா அது? புகுந்த வீட்டில் ஒரு ஹால், ஒரு அறை. வீணையைக் கிடத்த ஓர் ஆள் படுக்கிற இடம் வேண்டும். அந்த இடத்தில் மாமனார் படுத்திருந்தார். அம்மா வீட்டுக் கட்டிலுக்கடியில் அது இருபது வருஷம் கிடந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு மெழுகு இளகி மெட்டுகள் இடம் மாறிவிட்டன. இந்த ஊர்ச் சாமிமேல் சாரங்கா ராகத்தில் கீர்த்தனை செய்த முத்துசுவாமி தீட்சிதரும் வீணைக்காரர்தான். தலம் தலமாகப் போனவர். அவர் வீணையை யார் சுமந்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

திருவண்ணாமலைக்கே திரும்பி வந்து, ஆசிரமத்துப் பக்கம் வீடு கட்டி, மாடியை வாடகைக்கு விட்டோம். வந்து தங்கிய ஒரு பெண்ணின் தோள்பையில் யுகுலேலே இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நாலு தந்தி: ஜி, சி, இ, ஏ. சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் பஞ்சமம், ஸட்ஜமம், காந்தாரம், தைவதம். எதையும் அழுத்தாமலே மோகனத்தின் நாலு ஸ்வரம்! ரிஷபம் மட்டும்தான் பாக்கி; அது ஸட்ஜமத் தந்தியில் இரண்டாவது மெட்டு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் அந்தக் கடைக்குப் போனேன். இளஞ்சிவப்பை ஓரமாக வைத்துவிட்டு, நாலு அளவையும் எடுக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சோப்ரானோவில் தந்தி ஓடும் நீளம் 13 அங்குலம்தான். டி மேஜருக்கு ஒரே கட்டத்தில் மூன்று விரலை வரிசையாக அடைக்க வேண்டும். என் மூன்றாவது விரலுக்கு அங்கே இடமில்லை. ஒலி பளிச்சென்று எழுந்து உடனே அணைந்துவிடுகிறது. 23 அங்குல கான்சர்ட்டில் விரல் கொஞ்சம் மூச்சுவிட்டது. 26 அங்குல டெனாரில் தந்தி 17 அங்குலம், பெட்டியும் பெரிது. ஸ்வரம் அதேதான், ஆனால் நின்று கரைகிறது. வீணை பழகியவளுக்கு அந்த நிற்பதுதான் முக்கியம். நைலான் தந்தியை வீணைத் தந்திபோல இழுத்துக் கமகம் பிடிக்க முடியாது. வழுக்கித்தான் போக வேண்டும், விரல் போய்ச் சேருகிறவரை ஒலி உயிரோடு இருக்க வேண்டும். 30 அங்குல பாரிடோனுக்குச் சுருதியே வேறு, கிடாரின் கடைசி நாலு தந்தி. அதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. சாதாரணமாகக் கட்டுகிற ஜி தந்தி ஸட்ஜமத்துக்கு மேலே இருக்கிற பஞ்சமம். அதாவது ஸட்ஜமத்துக்குக் கீழே இறங்க ஒரு ஸ்வரமும் கிடையாது. டெனாரில் தடித்த தந்தி போட்டு அதே ஜி-யை ஒரு ஸ்தாயி இறக்கிக்கொள்ளலாம். கீழ்ப் பஞ்சமம் கிடைக்கும். சோப்ரானோவின் குட்டைத் தந்தியில் அது தொளதொளக்கும். லேடீஸுக்கு என்று கொடுக்கப்பட்டதில் மந்திரமே இல்லை.

1879-இல் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கப்பலேறிய தச்சர்கள் கொண்டுபோன சின்ன கிடாரின் வாரிசு இது. ஹவாய் அரசர் கலாகவுவா அரண்மனையில் வைத்துக் கொண்டாடியது. அப்போது இதை லேடீஸ் கருவி என்று யாரும் ராஜாவிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சின்ன சத்தம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தது மெல்லிய சத்தம்தான். பெரிய வித்வான்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். அது அவர் தேர்ந்துகொண்ட சத்தம். எனக்கு நீட்டப்பட்டது வேறு: இடத்தை அடைக்காதே, பக்கத்து அறைக்குக் கேட்காதே.

டெனார்தான் வாங்கினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மடிமேலேயே வைத்துக்கொண்டேன்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வாசலில் விடிய விடிய நடக்கும். அப்போது மாடியில் மோகனம் வாசிப்பேன், யாருக்கும் கேட்காது. மற்ற நாட்களில் கேட்கும்போல. போன வாரம் எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டி, “ராத்திரியில அந்தத் தடிச்ச தந்தி மட்டும் எங்க வீடு வரைக்கும் வருது, தெரியுமா?” என்றார்.

“தெரியும்க்கா” என்றேன்.